ரசம் காணாமல் போகவில்லை: பழைய தமிழ்க் கோப்புகளின் கதை



நம் மூத்தோர் கணினிக் குழு சனிக்கிழமை மாலைகளில் சமுதாயக் கூடத்தில் கூடுவது உங்களுக்குத் தெரியும். சென்ற மாதம் அங்கே நடந்த ஒன்றைச் சொன்னால், தமிழ் கணினிக்குள் வந்த கதையையும் சொன்னதாகிவிடும். உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய சிடிக்கும் அது உதவலாம்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூன்றாம் மாடி நண்பர் ஒருவர் அன்று ஒரு சிடியோடு வந்தார். அவர் மனைவி காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. 2001-இல் அவர்கள் வீட்டுக்கு முதல் கணினி வந்தபோது, விசைகளின் படத்தை மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டு, அந்த அம்மா தன் சமையல் குறிப்புகளையும் வீட்டு விசேஷங்களின் செலவுக் கணக்கையும் தமிழில் அடித்து வைத்திருக்கிறார். மொத்தம் 14 கோப்புகள். வெளியூரில் இருக்கும் மகள் இப்போது அம்மாவின் ரசப்பொடி அளவைக் கேட்கிறாள். கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கொட்டிக் கிடக்கின்றன. பழுது பார்க்கும் கடையில், "கோப்பு கெட்டுப்போச்சு சார், அழிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார்களாம்.

நாங்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, குழுவுக்குப் புதியவர், பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் மட்டும் மேசைமேல் அசைந்தன. சற்று நேரம் கழித்து, "இது ரசம் சார்" என்றார்.

திரையில் இருந்தவை சிறிய ஆங்கில எழுத்துகளில் யூ, ஆர், கே, பிறகு ஓர் அரைப்புள்ளி. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் யூ இருக்கும் இடம் ‘ர’. ஆர் இருக்கும் இடம் ‘ச’. கே இருக்கும் இடம் ‘ம’. அரைப்புள்ளியின் இடம் மெய்யெழுத்துப் புள்ளி. நாங்கள் கண்ணால் பார்த்து விழித்ததை அவர் விரலால் படித்துவிட்டார். ‘யளனகப’ என்று தட்டச்சுப் பள்ளியில் முதல் பாடம் அடித்தவர்களுக்கு இது புரியும்.

அந்தக் கோப்பு கெடவே இல்லை. அது ஏன் அப்படித் தெரிந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

விசைகளுக்குள் அடங்கிய 247

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. ஆக, தமிழ் எழுத்துகள் 247. தட்டச்சுப் பொறியில் இருப்பதோ ஐம்பதுக்கும் குறைவான விசைகள். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா, தமிழை இந்தச் சிறிய இடத்துக்குள் அடக்கிக் காட்டினார். அவர் வகுத்த தட்டச்சுப் பொறி ஜெர்மனியில் தயாராகி வந்தது. கொம்பு, கால், புள்ளி ஆகியவற்றைத் தனித்தனியே வைத்து, வேண்டிய இடத்தில் சேர்த்துக்கொள்வதுதான் வழி. ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால்.

கணினி வந்தபோதும் இதே இடப் பிரச்சினைதான். கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். அன்றைய முறையில் ஓர் எழுத்துத் தொகுதிக்கு 256 எண்கள். அவற்றில் முதல் 128 ஆங்கிலத்துக்கும் குறியீடுகளுக்கும் போய்விட்டன. மீதி 128-இல் தமிழைப் பொருத்த வேண்டும். அல்லது ஆங்கிலத்தின் இடத்திலேயே தமிழ் உருவங்களை உட்கார வைக்க வேண்டும்.

வேலை முடிந்த மாலைகளில்

இந்த வேலையைத் தொடங்கி வைத்தவர்களில் பலர் எங்களைப் போன்ற ஆர்வலர்களே என்பதில் எங்கள் குழுவுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. 1980-களில் கனடாவில் இருந்த முனைவர் சீனிவாசன் ‘ஆதமி’யை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ செயலியைக் கொண்டுவந்தார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை அமைத்துக் கொடுத்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ முறையை உருவாக்கினார். இலங்கைத் தமிழரிடையே ‘பாமினி’ பரவியது. தமிழ்நாட்டு அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் ‘ஸ்ரீலிபி’, ‘வானவில்’ போன்றவை புழங்கின.

எல்லாமே நல்ல முயற்சிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் எண்களுக்கு எழுத்துகளைத் தன் விருப்பப்படி ஒதுக்கியது. ஒரே தெருவில் ஒவ்வொரு தபால்காரரும் வீடுகளுக்கு வேறு வேறு கதவு எண் எழுதி வைத்தது போல. நான் ஓர் எழுத்துருவில் அடித்து அனுப்பிய கடிதத்தைப் படிக்க, உங்களிடமும் அதே எழுத்துரு இருந்தாக வேண்டும்.

நண்பரின் மனைவி பயன்படுத்தியது பாமினி. அது ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழை வைத்தது. அதன் நடு வரிசை பழைய தட்டச்சுப் பொறியின் வரிசையேதான். ஆகவே ‘ரசம்’ என்ற சொல் அந்தக் கோப்பில் 117, 114, 107, 59 என்று பதிவாகியிருக்கிறது. பாமினி உள்ள கணினிக்கு அது ரசம். பாமினி இல்லாத கணினிக்கு அதே எண்கள் ஆங்கில எழுத்துகள். அந்த அம்மா அடித்தது ஓர் எண்ணும் மாறாமல் 20 ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே இருந்தது. படிக்கும் சாவிதான் தொலைந்திருந்தது.

ஒன்றுபட எடுத்த காலம்

இந்தக் குழப்பம் அப்போதே எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1998 பொங்கலன்று தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்வதை ஒன்றுசேர்க்கப் பொதுவான முறை வேண்டியிருந்தது. மின்னஞ்சலிலேயே விவாதித்து ஆர்வலர்கள் வகுத்ததுதான் ‘திஸ்கி’.

1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு நடந்தது. இன்று நம்மில் சிலர் பயன்படுத்தும் ‘தமிழ்99’ விசைப்பலகை அதன் விளைவு. ‘டாம்’, ‘டாப்’ என்ற இரண்டு குறியீட்டு முறைகளைத் தமிழ்நாடு அரசு ஏற்றதும் அந்த ஆண்டில்தான். ஒரே முறை வேண்டும் என்று கூடியவர்கள், திஸ்கியோடு சேர்த்து மூன்று முறைகளோடு கலைந்தார்கள்!

வேடிக்கை என்னவென்றால், தீர்வு அதற்கு முன்பே பிறந்துவிட்டது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோட் 1991-இலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. அதில் ‘ரசம்’ என்பது 2992, 2970, 2990, 3021. இந்த எண்கள் வேறு எந்த மொழிக்கும் சொந்தமில்லை. ஆனால் வீட்டுக் கணினியில் அது எட்டிப் பார்க்க விண்டோஸ் 2000-மும் அதனுடன் வந்த ‘லதா’ எழுத்துருவும் வரவேண்டியிருந்தது. பிறகும் பழகிய எழுத்துருவை விட யாருக்கும் மனமில்லை. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான், தமிழ்நாடு அரசு யூனிகோடையும் அதனுடன் 16 பிட் ‘டேஸ்’ முறையையும் தரமாக அறிவித்தது.

இடைப்பட்ட அந்த ஆண்டுகளில்தான் நம் தலைமுறை வீட்டில் கணினி வாங்கியது. நாம் அடித்த குடும்ப வரலாறு, கல்யாண அழைப்பிதழ், கவிதை, கணக்கு எல்லாம் அந்தப் பழைய எழுத்துருக்களில் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

உங்கள் கோப்பை மீட்க

1. எதையும் அழிக்காதீர்கள். முதலில் ஒரு நகல் எடுத்து, அதில் மட்டும் வேலை செய்யுங்கள்.

2. வேர்ட் கோப்பு என்றால், எழுத்துகளின் மேல் சொடுக்கி, மேலே உள்ள எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே இருக்கும். அந்தப் பெயர்தான் சாவி.

3. சுரதாவின் ‘பொங்கு தமிழ்’, ‘என்எச்எம் கன்வெர்ட்டர்’ போன்ற மாற்றிகளில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து ஒட்டினால் யூனிகோடில் கிடைக்கும். முன்னால் நிற்கும் கொம்பைப் பின்னுக்குத் தள்ளும் வேலையையும் மாற்றியே பார்த்துக்கொள்ளும்.

4. மாற்றியபின் ஒருமுறை முழுவதும் படியுங்கள். நடுவில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழாக நினைத்துக் குதறிவிடும்.

5. பழைய பிடிஎஃப் பார்வைக்குச் சரியாக இருக்கலாம். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது என்ன முறை என்று தெரியும்.

குழுச் செய்தி

அன்று மாலையே 13 கோப்புகளை மாற்றிவிட்டோம். ரசப்பொடி அளவு மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அச்சிட்டுக் கொடுத்த தாளில் சில எழுத்துப் பிழைகளைத் திருத்த முனைந்தேன். நண்பர் தடுத்துவிட்டார். "அவ அப்படித்தான் எழுதுவா. இருக்கட்டும் சார்" என்றார். விட்டுவிட்டேன்.

பதினான்காவது கோப்பு இன்னும் திறக்கவில்லை. அது வெறும் உரைக் கோப்பாகச் சேமிக்கப்பட்டதால் எழுத்துருவின் பெயர் அதில் இல்லை. பாமினியும் இல்லை. திஸ்கி, டாப், டாம் மூன்றையும் முயன்றோம், சேரவில்லை. 2000-ஐ ஒட்டி அச்சகத்திலோ டிடிபி நிலையத்திலோ வேலை பார்த்தவர்கள் நம் குடியிருப்பில் இருந்தால், தயவுசெய்து ஒரு சனிக்கிழமை வந்து பாருங்கள். உங்கள் கண்ணுக்கோ விரலுக்கோ அது பிடிபடலாம்.

அடுத்த காலாண்டின் சனிக்கிழமைகளைப் பழைய கோப்புகளுக்காகவே ஒதுக்கியிருக்கிறோம். சிடி, பென் டிரைவ், பழைய ஹார்ட் டிஸ்க் எதுவானாலும் கொண்டுவாருங்கள். எங்களிடம் ஃப்ளாப்பி டிரைவ் இல்லை. பரணில் ஒன்று கிடந்தால் இரவல் கொடுங்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூட வரலாம். கணினியை வேகமாக ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். எதில் அடித்தோம் என்று நினைவு வைத்திருப்பவர்கள் நாம். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் வேலை சீக்கிரம் முடியும்.