377ஆம் பிரிவும் மலாக்காத் தமிழ் இளைஞரும்

மலாக்காத் தமிழரின் வரலாறு கூறுவோர், கடல் கடந்து வந்த மக்களைப் பற்றியும் அவர்தம் மொழி, வழிபாடு, தொழில் பற்றியும் விரித்துரைப்பர். அதே கடல்வழி வந்த சட்டங்களைப் பற்றிய பேச்சு அரிதாகவே எழுகின்றது. அச்சட்டங்களுள் ஒன்று, ஆணை விரும்பும் ஆணின் அன்றாட வாழ்வை ஒன்றரை நூற்றாண்டாக நிழல்போல் தொடர்ந்து வருகின்றது. அதுவே 377ஆம் பிரிவு. தோட்டத்தை விட்டுப் பெருநகரம் சென்ற தன்பால் ஈர்ப்புடைய தமிழ் இளைஞன் ஏன் அஞ்சி வாழ்கின்றான் என்பதை அறிய, அப்பிரிவு வந்த வழியை அறிதல் வேண்டும்.

அது பிறந்த இடம் கல்கத்தா. மெக்காலே தலைமையில் அமைந்த சட்ட ஆணைக்குழு, 1837ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வரைவை அளித்தது. பிற குற்றங்களுக்கு நீண்ட விளக்கவுரைகள் எழுதிய அக்குழு, இந்தப் பொருளுக்கு மட்டும் விளக்கம் தர விரும்பவில்லை. பொதுமக்கள் இதனைப் பற்றி விவாதிப்பதே ஒழுக்கத்திற்குக் கேடு என்று அது கருதியது. 1860இல் நிறைவேறிய சட்டம் 1862 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 377ஆம் பிரிவு, இயற்கை நியதிக்கு மாறான உடலுறவைக் குற்றமென்றது. ஆயுள்கால நாடுகடத்தலோ பத்தாண்டு வரையிலான சிறையோ தண்டனை என்றது. இயற்கை நியதி யாது என்பதை அது விளக்கவில்லை. பேசாமையின் மீது எழுப்பப்பட்ட சட்டம் அது எனலாம்.

மலாக்காவுக்கு அச்சட்டம் வந்தது எவ்வாறு? பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா ஆகிய மூன்றும் 1826இல் நீரிணைக் குடியேற்றங்கள் என ஒன்றாக்கப்பட்டன. 1867 ஏப்ரல் முதல் நாள் வரை, இந்தியாவிலிருந்த ஆங்கில ஆட்சியே அவற்றை ஆண்டது. பின்னர் அவை இலண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறின. எனினும் சட்டத்தில் இந்திய வழியே நீடித்தது. இந்தியச் சட்டத்தைத் தழுவி 1871இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம், 1872 செப்டம்பர் 16ஆம் நாள் இம்மூன்று இடங்களிலும் நடைமுறைக்கு வந்தது. பிரிவின் எண்கூட மாறவில்லை. 1938இல் நீரிணைக் குடியேற்றங்களின் சட்டத்தில் 377அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. இங்கிலாந்தின் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிய அது, ஆண்களிடையிலான எவ்வகை நெருக்கத்தையும் ஒழுக்கக்கேடு எனக் கூறி இரண்டாண்டு வரை சிறைக்குள்ளாக்க இடமளித்தது.

இவ்விரு பிரிவுகளுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே மலாக்காவில் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. 1896இல் டான் சே யான், புக்கிட் லிந்தாங்கில் வாணிக நோக்குடன் இரப்பர் பயிரிட்டார். அடுத்த ஆண்டுகளில் காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகள் தமிழகத்திலிருந்து ஆள்களை அழைத்து வந்தனர். தொடக்க காலத்தில் வந்தவருள் ஆண்களே மிகப் பலர். ஒரே லயத்தில், ஒரே அறையில் பல ஆண்கள் கூடி வாழ்ந்தனர். பெரட்டில் பெயர் கூப்பிடப்பட்டது. வேலை நாளும் கூலியும் கணக்கில் ஏறின. எவன் மனம் எவனை நாடியது என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஏறியிருந்தால் அது குற்றப் பதிவாக மட்டுமே இருந்திருக்கும்.

குடும்பங்கள் பெருகிய பின் லயத்தின் வாழ்வு மாறியது. ஒரு சுவருக்கு அப்பால் இருமினாலும் இப்பால் கேட்கும். நோயுற்றவனுக்குக் கஞ்சி கொடுத்ததும், இறந்தவனைத் தோள் கொடுத்துத் தூக்கியதும் அந்த நெருக்கமே. ஆனால் பிறரினும் வேறுபட்டு நிற்க அது இடம் தராது. ஆகவே இத்தகைய இளைஞனுக்கு நகரம் பிழைப்புக்குரிய இடம் மட்டுமன்று. கதவைத் தாழிட்டுக்கொள்ளக் கூடிய இடமும் ஆகும். ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் கோலாலம்பூர் செல்லும் அவன், நண்பரோடு பகிர்ந்துகொண்ட அறையில் புதிய வாழ்வைத் தொடங்குகின்றான். அங்கும் தொலைபேசியில் தாயின் குரல் வருகின்றது: “தம்பி, பெண் பார்த்திருக்கிறோம்; தீபாவளிக்கு வந்துவிடு.” அவன் சம்பளம் போதாது என்கின்றான், வேலை நிலைக்கட்டும் என்கின்றான். உண்மையை மட்டும் கூற இயலவில்லை. எய்ட்ஸ் நோயின் அச்சம் பரவிய 1987ஆம் ஆண்டு, கோலாலம்பூரில் ‘பிங்க் டிரையாங்கிள்’ என்னும் அமைப்பு தோன்றித் தொலைபேசி வழி ஆலோசனை வழங்கியது. முகம் காட்டாமல் உண்மையைச் சொல்ல ஒரு வழி அவ்வாறு பிறந்தது.

சட்டமோ தளரவில்லை. 1989ஆம் ஆண்டுத் திருத்தம் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் இப்பிரிவுகளை மாற்றியமைத்தது. 377ஆ பிரிவு இருபதாண்டு வரை சிறைக்கும் பிரம்படிக்கும் இடமளிக்கின்றது. 377ஈ பிரிவு இரண்டாண்டு வரை சிறை என்கின்றது. இவை இன்றும் நடப்பில் உள்ளன. தமிழ் முஸ்லிம் இளைஞனுக்கு மாநிலச் சமயச் சட்டமும் உடன் சேர்கின்றது. அன்றாட வாழ்வில் இதன் விளைவு வழக்கு மன்றத்தில் மட்டும் காணப்படுவதன்று. ஒருவன் மிரட்டிப் பணம் பறித்தாலும் காவல் நிலையம் செல்ல இவன் தயங்குகின்றான். முறையிடச் சென்றவனே குற்றவாளி ஆகலாம் என்னும் அச்சமே காரணம்.

சட்டத்தை அனுப்பிய இடங்கள் அதனைக் கைவிட்டுவிட்டன. இங்கிலாந்தும் வேல்சும் 1967இல் தம் சட்டத்தைத் தளர்த்தின. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள், வயது வந்தோர் இருவர் மனமொத்து நெருங்குதல் குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. இவர்களிடம் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடன்பட்டுள்ளது என்று நீதிபதி இந்து மல்கோத்ரா கருத்துரைத்தார். ஆயினும் அதே நீதிமன்றம் 2023இல் இவர்தம் திருமண உரிமையை ஏற்கவில்லை. சிங்கப்பூர் 2022 நவம்பர் 29ஆம் நாள் 377அ பிரிவை நீக்க முடிவு செய்தது. 2023 சனவரி 3ஆம் நாள் நீக்கம் நடைமுறைக்கு வந்தது. ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் மலேசியத் தமிழன், பாலத்தின் ஒரு கரையில் குற்றவாளி. மறு கரையில் குற்றமற்றவன். ஒரு காலத்தில் சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் சட்டம் ஒன்றே என்பதை இங்கு நினைத்தல் தகும்.

தமிழகத்தில் நிகழ்ந்த ஒன்று ஆசிரியரும் மாணவரும் கருதத் தக்கது. 2021இல் ஒருவரையொருவர் விரும்பிய இளம்பெண்கள் இருவர், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்பு வேண்டினர். வழக்கைக் கேட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குத் தெளிவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உளவியல் அறிஞரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். பிறகே ஆணை எழுதினார். சூன் 7ஆம் நாள் அவர் இட்ட ஆணை, இவர்களை ‘மாற்றும்’ மருத்துவ முயற்சிகளைத் தடை செய்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022இல், இவர்களைக் குறிக்கும் மதிப்பான தமிழ்ச் சொற்களை அரசிதழில் வெளியிட்டது. ‘திருநர்’, ‘பால்புதுமையர்’ முதலிய சொற்கள் அவ்வாறு அரசின் ஏற்பைப் பெற்றன.

நீதிபதி ஒருவர் மாணவராக அமர்ந்தார் என்றால், ஆசிரியர் அமர்வதில் இழுக்கில்லை. தன்பால் ஈர்ப்பு வேறு, திருநர் நிலை வேறு என்னும் எளிய வேறுபாட்டையேனும் வகுப்பறை அறிதல் வேண்டும். மென்மையாகப் பேசும் மாணவனைப் பிற மாணவர் ‘ஒன்பது’ என்று எள்ளும்போது, ஆசிரியர் நகைத்துவிட்டுக் கடந்து சென்றால், அவன் தன் வாழ்வைப் பற்றித் தமிழில் கேட்கும் முதற்சொல் இழிசொல்லாகவே அமையும். அவனும் நாளை நகரம் செல்வான்; தமிழையும் தமிழரையும் தவிர்த்தே வாழ்வான். சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் பணி. அச்சட்டம் விதைத்த பேசாமையைப் போக்குவது தமிழாசிரியரின் கைக்கு எட்டும் பணியே. கல்கத்தாவில் அமர்ந்த குழு அஞ்சியது மக்களின் பேச்சுக்கே. மதிப்புடன் பேசத் தக்க சொற்கள் இப்போது தமிழில் உள்ளன.