கணக்கு கேட்டலும் பாடம் கேட்டலும்: ‘ஆடிட்’ என்னும் சொல்லின் இருவேறு வரலாறுகள்

முன்னுரை

ஒரு நிறுவனத்தின் வரவு செலவை ஆராய்ந்து சான்றளிப்பவரும், தேர்வோ பட்டமோ கருதாது வகுப்பில் அமர்ந்து விரிவுரை கேட்பவரும் ஆங்கிலத்தில் ‘ஆடிட்டர்’ என்னும் ஒரே சொல்லாற் குறிக்கப்படுகின்றனர். இதன் வேர், கேட்டல் என்று பொருள்படும் ‘ஆடிரே’ என்னும் இலத்தீன் வினை. இலத்தீனில் ஆடிட்டர் என்பதற்குக் கேட்பவர், மாணாக்கர் ஆகிய இரு பொருள்களும் உண்டு. நிதித்துறையிலும் கல்வித்துறையிலும் இச்சொல் எவ்வாறு பிரிந்து வளர்ந்தது என்பதையும், அவ்விரு பொருள்களும் இன்று பல்கலைக்கழகத்திற்குள் எதிரெதிராக நிற்பதையும் இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

கணக்கு கேட்டல்

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘எக்ஸ்செக்கர்’ என்னும் அரச கருவூல மன்றத்தின் முன்னிலையில் மாவட்ட அதிகாரிகளாகிய ‘ஷெரிப்’கள் ஆண்டுக்கு இருமுறை கணக்கு ஒப்பித்தனர். கட்டமிட்ட துணி விரித்த மேசைமீது காய்களை நகர்த்தித் தொகைகள் கூட்டப்பட்டன. கணக்குச் சுருள்கள் எழுதப்படாமல் இல்லை. 1130ஆம் ஆண்டிற்குரிய சுருள் இன்றும் எஞ்சியுள்ளது. ஆயினும் எழுதிய கணக்கும் வாய்விட்டுப் படிக்கப்பட்டுக் காதாற் கேட்கப்பட்டது. கேட்டலே அக்காலத்தில் சரிபார்த்தலாக இருந்தது என்பதை வரலாற்றாசிரியர் எம். டி. கிளாஞ்சி 1979இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார்.

இக்கேட்டல் அதிகாரம் உடையது. 1285ஆம் ஆண்டின் இரண்டாம் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், கணக்கில் நிலுவை காணப்பட்ட காரியக்காரரைச் சிறைக்கு அனுப்பும் உரிமையைக் கணக்கு கேட்டவருக்கே வழங்கியது. சொல்பவர் அஞ்சி நிற்க, கேட்பவர் தீர்ப்பளித்தார். பின்னர்த் தொழிற்புரட்சிக் காலத்தில் பெருகிய பங்கு நிறுவனங்களுக்கு 1844ஆம் ஆண்டுச் சட்டம் ஆடிட்டர்களைக் கட்டாயமாக்கியது. அதற்குள் ஏடும் பற்றுச்சீட்டும் வாய்மொழியின் இடத்தைப் பிடித்துவிட்டன. காதின் தொழிலைக் கண் ஏற்றுக்கொண்டது. பெயர் மட்டும் நிலைத்தது.

பாடம் கேட்டல்

நூல்கள் கையெழுத்துப் படிகளாக அரிதாயிருந்த இடைக்கால ஐரோப்பாவில் ஆசிரியர் நூலைப் படித்து விளக்க, மாணாக்கர் கேட்டனர். ஜெர்மானியர் விரிவுரை மண்டபத்தை இன்றும் ‘கேட்கும் கூடம்’ என்றே வழங்குகின்றனர். பதிவும் தேர்வும் பட்டமும் வலுப்பெற்றபின், பதிவுபெறாது கேட்போர் தனிப்பிரிவினர் ஆயினர்.

இவர்களுள் சிலர் விரும்பியன்றி, வேறு வழியின்றியே கேட்போராயினர். கணித மேதை எம்மி நோதர் 1900இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பயிலத் தொடங்கியபோது பெண்களுக்கு முறையான பதிவு இல்லை. விரிவுரை கேட்க ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியே இசைவு பெறவேண்டியிருந்தது. 1904இல்தான் அவர் அங்கு மாணவியாகப் பதிவுசெய்ய முடிந்தது. 1907இல் முனைவர் பட்டம் பெற்றார். கணக்கு கேட்டவருக்கு அதிகாரம் இருந்தது. பாடம் கேட்டவருக்கோ பதிவேட்டில் பெயர்கூட இல்லை.

தமிழ் மரபில் கேள்வி

தமிழில் ‘கேள்’ என்னும் வினை செவியுறுதலையும் வினவுதலையும் ஒருங்கே உணர்த்துகிறது. திருக்குறளின் 42ஆம் அதிகாரமாகிய ‘கேள்வி’, கல்லாமையை அடுத்து வைக்கப்பட்டுள்ளது. கல்லாதவனும் கேட்கவேண்டும் என்கிறார் வள்ளுவர். பதிவுபெறாத மாணாக்கருக்கு இதனினும் சிறந்த ஆதரவு வேறில்லை.

நிருவாகத்திலும் இச்சொல் இடம்பெற்றது. சோழர் ஆட்சியில் அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையைக் கேட்டு நடைமுறைக்குக் கொண்டுவந்த அலுவலர் ‘திருவாய்க்கேள்வி’ எனப்பட்டார். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர்களையும் அவர்தம் உறவினர்களையும் மீண்டும் தேர்வு பெறும் தகுதியிலிருந்து விலக்கியது. இங்குக் ‘காட்டுதல்’ என்னும் சொல் ஆளப்பட்டிருப்பது கருதத்தக்கது. ஆயினும் இன்றும் நம் பேச்சு வழக்கில் ஒருவரிடம் கணக்குக் ‘கேட்கிறோம்’. தற்கால வழக்கிலுள்ள ‘கணக்காய்வு’, உருது வழிவந்த ‘தணிக்கை’ ஆகிய இரு சொற்களும் ஆராய்தலைக் குறிப்பன. அவற்றில் செவிக்கு இடமில்லை.

மீண்டும் பல்கலைக்கழகத்தில்

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிதித்துறையின் ஆடிட் கல்விக்கூடத்தினுள் நுழைந்தது. பிரிட்டனில் 1990இல் பல்கலைக்கழகங்களுக்கெனக் கல்வித் தணிக்கைப் பிரிவு தோன்றியது. மலேசியாவில் தனியார் உயர்கல்விக்கென 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவான தேசிய அங்கீகார வாரியத்தின் பணியை, 2007இல் மலேசியத் தகுதி நிறுவனம் விரிந்த அளவில் ஏற்றது. இத்தகைய ஏற்பாடுகளின் தேவையை எவரும் மறுத்தற்கில்லை. தரமற்ற கல்விக்குக் கட்டணம் செலுத்தும் மாணவருக்கு அவை பாதுகாப்பு. ஆனால் சரிபார்க்கும் வழக்கம் தானே ஒரு சடங்காகிவிடக்கூடும் என்று மைக்கேல் பவர் 1997இல் எச்சரித்தார். பாடக் கோப்புகளை அடுக்கிவைத்துத் தணிக்கையாளரை எதிர்கொண்ட விரிவுரையாளர் அனைவரும் அவ்வெச்சரிக்கையின் பொருளை அறிவர். கோப்பு முழுமையாக இருப்பதனால் வகுப்பில் கற்றல் நிகழ்ந்தது என்றாகிவிடாது.

முடிவுரை

ஒரே வேரிலிருந்து கிளைத்த இச்சொல், ஓரிடத்தில் கேட்பவரின் அதிகாரத்தையும் மற்றோரிடத்தில் கேட்பவரின் பணிவையும் குறிக்கலாயிற்று. கல்வித் தணிக்கைக்கு இவ்விரண்டும் வேண்டும். வினவும் உரிமையுடன் வரும் தணிக்கையாளர், வகுப்பின் பின்வரிசையில் சற்று நேரம் அமர்ந்து பாடம் கேட்கவும் முன்வரவேண்டும். வினவுதலையும் செவிமடுத்தலையும் ஒரே சொல்லில் போற்றிவந்த மொழியைக் கற்பிக்கும் நாம் அதனை வலியுறுத்துதல் தகும்.