பிளவுபட்ட வாக்கும் பேராளர் கடமையும்: பெல்ஜியத்தின் 1950ஆம் ஆண்டுப் பொது வாக்கெடுப்பு

ஆய்வுச் சுருக்கம்

மன்னர் மூன்றாம் லியோபோல்ட் மீண்டும் ஆட்சிப் பொறுப்பேற்கலாமா என்பது குறித்துப் பெல்ஜியத்தில் 1950 மார்ச் 12 அன்று பொது வாக்கெடுப்பு நடைபெற்றது. பெரும்பான்மையினர் ஆதரித்தும், நாடு திரும்பிய பத்து நாள்களில் மன்னர் தம் அதிகாரங்களை மகனிடம் ஒப்படைக்க இசைந்தார். வாக்கெடுப்பு முடிவை மதித்தலும் அதனை அவ்வாறே நிறைவேற்றலும் வெவ்வேறு கடமைகள் என்பதை இந்நிகழ்வின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பொது வாக்கெடுப்பு, பெரும்பான்மை, பெல்ஜியம், மூன்றாம் லியோபோல்ட், நாடாளுமன்றம்.

முன்னுரை

பொது வாக்கெடுப்பில் மக்கள் அளிக்கும் தீர்ப்பை அரசியலாளர் ஏற்றாக வேண்டும் என்பது மக்களாட்சி குறித்த விவாதங்களில் அடிக்கடி முன்வைக்கப்படும் கருத்தாகும். ஆயின் மொழியாலும் சமயச் சார்பாலும் தொழிலாலும் பிரிந்து நிற்கும் நாட்டில் ‘மக்கள் தீர்ப்பு’ எதனைக் குறிக்கும் என்னும் வினா எழுகிறது. பெல்ஜியத்தின் பட்டறிவு இவ்வினாவுக்கு விடைகாண உதவுகிறது.

சிக்கலின் தோற்றம்

1940 மே 28 அன்று பெல்ஜியப் படை ஜெர்மனியிடம் சரணடைந்தது. அமைச்சர்கள் வெளிநாடு சென்றனர். மன்னர் நாட்டிலேயே தங்கினார். அவ்வாண்டு நவம்பரில் அவர் ஹிட்லரைச் சந்தித்ததும், 1941இல் மறுமணம் புரிந்ததும் எதிர்ப்பை வளர்த்தன. 1944இல் ஜெர்மானியர் அவரை நாட்டைவிட்டுக் கொண்டுசென்றனர்; அவருடைய தம்பி சார்லஸ் அரசப் பிரதிநிதியானார். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடி முடிவு செய்தாலன்றி மன்னர் ஆட்சியைத் தொடர இயலாது என 1945ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது.

வாக்கும் அதன் வரைபடமும்

1950ஆம் ஆண்டு வாக்கெடுப்பு கருத்தறியும் தன்மையது. சட்டப்படி எவரையும் கட்டுப்படுத்தாதது. 55 விழுக்காட்டுக்குக் குறைந்தால் திரும்பப் போவதில்லை என்பது மன்னர் தாமே விதித்துக்கொண்ட வரம்பு. முடிவில் சுமார் 57.7 விழுக்காட்டினர் ஆதரவளித்தனர். ஆயின் ஃபிளாண்டர்ஸில் ஆதரவு 72 விழுக்காடு, பிரசல்ஸில் 48, வலோனியாவில் 42. இப்பிளவு மொழிப்பிளவு மட்டுமன்று. வலோனியாவைச் சேர்ந்த நாமூர், லக்சம்பர்க் மாநிலங்கள் மன்னரை ஆதரித்தன. தொழிற்பகுதிகளான லியேஜும் ஹைனாட்டும் எதிர்த்தன. எனவே ஒரே முடிவை ஒருசாரார் நாட்டின் ஆணையாகவும், மற்றொரு சாரார் தம்மீது சுமத்தப்பட்ட ஆணையாகவும் கொண்டனர்.

நிறைவேற்றமும் விளைவும்

1950 ஜூன் தேர்தலில் கிறிஸ்தவ சமூகக் கட்சி கீழவையின் 212 இடங்களில் 108ஐ வென்றது. ஜூலை 20 அன்று எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்த நிலையில், கூட்டு அமர்வு மன்னரின் வருகைக்கு வழிவகுத்தது. ஜூலை 22இல் அவர் திரும்பினார். வேலைநிறுத்தங்கள் பரவின. ஜூலை 30 அன்று லியேஜ் அருகிலுள்ள கிராஸ்-பெர்லேரில் காவற்படை சுட்டதில் நால்வர் உயிரிழந்தனர். ஆகஸ்ட் 1இல் மன்னர் இணங்கினார். 1951 ஜூலை 16இல் முறைப்படி முடிதுறந்தார். மகன் போதுவின் அரசரானார்.

மதிப்பீடு

எண்ணிக்கையளவில் அரசு வாக்கெடுப்பு முடிவைப் பின்பற்றியது. எனினும் எதிர்ப்பு எங்குச் செறிந்துள்ளது என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை. முடிவெடுக்கும் பொறுப்பு 1945ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடாளுமன்றத்திடமே இருந்தது. இறுதியில் எட்டப்பட்ட உடன்பாட்டில் முடியாட்சி நீடித்தது. மன்னர் மட்டும் விலகினார். இவ்வுடன்பாட்டை மார்ச் மாதமே தேடியிருந்தால் உயிரிழப்பைத் தவிர்த்திருக்க வாய்ப்புண்டு.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. வாக்குப் பெட்டியில் வென்றதைத் தெருப்போராட்டம் பறித்தது என்னும் ஃபிளாண்டர்ஸ் ஆதரவாளரின் மனக்குறை நியாயமற்றதன்று. பெரும்பான்மையைக் கேட்டபின் அதனைக் கைவிடுவது வாக்குரிமையின் மீதுள்ள நம்பிக்கையைக் குலைக்கும். ஆகவே குறை இறுதி விட்டுக்கொடுப்பில் மட்டும் இல்லை. எவ்வளவு பெரும்பான்மை, எவ்வெப்பகுதிகளின் இசைவு தேவை என்பதைச் சட்டத்தால் முன்னரே வரையறுக்காமல் மன்னரின் சொந்த வரம்புக்கு விட்டதிலேயே அது தொடங்குகிறது.

முடிவுரை

வாக்கெடுப்பு முடிவைப் புறக்கணிக்கும் உரிமை பேராளருக்கு இல்லை. அதனைச் சிந்தனையின்றி நிறைவேற்றும் கடமையும் இல்லை. வென்றோரின் விருப்பத்தையும் தோற்றோரின் செறிவையும் ஒருங்கே எடைபோட்டு வழிகாண்பதே அவர்தம் கடமையாகும். பெல்ஜியம் அதன்பின் நாடளாவிய பொது வாக்கெடுப்பு எதனையும் நடத்தவில்லை என்பது இங்கு எண்ணத்தக்கது.