ஃபைரிஷ் குன்றில் நாகப்பட்டினத்து வாசல்: கரீபியத் தமிழ்ப் பெயர்களும் ஸ்காட்லாந்து முகவரிகளும்

சாந்தோமிலிருந்து பட்டினப்பாக்கம் போகிற வழியில் பெர்னாண்டோ என்று ஒருவர் அறிமுகமானால், அவருடைய பாட்டன் லிஸ்பனில் பிறந்தவர் என்று யாரும் நினைப்பதில்லை. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது போர்ச்சுக்கீசியப் பெயர்களும் வந்து சேர்ந்தன. அந்தப் பெயர் ஞானத்தந்தை வழி வந்தது, பெற்ற தந்தை வழி வந்ததல்ல.

கரீபியக் குடும்பங்களின் வேர் தேடும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். ஜமைக்காவில் காம்பெல் என்ற பெயர் மலிந்து கிடக்கிறது. ஸ்காட்லாந்தின் பெரிய குலப்பெயர் அது. அந்நாட்டுக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ்கூட 1786இல் ஜமைக்காத் தோட்டமொன்றில் கணக்கெழுதப் புறப்படவிருந்தவர்தான். கவிதை நூல் விற்றதால் பயணம் நின்றது. ஆனால் அடிமைகளாக இருந்தவர்களில் பலருக்குத் தோட்ட முதலாளியின் பெயரே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. சிலருக்கு ஸ்காட்லாந்துத் தகப்பன் இருந்ததும் உண்மை. இரண்டில் எது என்பதைப் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

தமிழர் கதையிலும் ஸ்காட்லாந்து நுழைகிறது, வேறு வாசல் வழியாக. எடின்பரோவை ஒட்டிய லீத் துறைமுகத்தில் பிறந்த ஜான் கிளாட்ஸ்டன், பிரிட்டிஷ் கயானாவின் டெமராராவில் கரும்புத் தோட்டங்கள் வைத்திருந்தார். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை அவர். அடிமை முறை ஒழிந்தபோது 2,508 பேரை இழந்ததற்காக 1,06,769 பவுண்டு நஷ்டஈடு பெற்றார். இழந்தவர் அவர், விடுபட்டவர்களுக்கு ஒரு காசும் இல்லை. 1836 ஜனவரியில், மாற்று ஆட்கள் கேட்டுக் கல்கத்தாவின் கில்லாண்டர்ஸ் ஆர்பத்நாட் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். 1838 மே 5 அன்று விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரு கப்பல்களில் 396 இந்தியர்கள் பிரிட்டிஷ் கயானாவில் இறங்கினார்கள். கரீபியனுக்கான ஒப்பந்தக் கூலி முறை அங்கே தொடங்கியது.

1844இல் சென்னையிலிருந்தும் ஆளனுப்ப அனுமதி கிடைத்தது. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. அலை உடையும் இடத்தைக் கடக்க மசூலாப் படகுதான். ஆழத்தில் நின்ற கப்பலுக்கு அப்படித்தான் போனார்கள். 1917 வரை கயானாவுக்குப் போன ஏறத்தாழ 2,39,000 பேரில் சென்னைக் கப்பல்களில் சென்றவர்கள் சுமார் 15,000 பேர்தான். வடநாட்டுப் பெருந்திரளுக்கு நடுவே அவர்கள் ‘மதராசி’ என்ற தனி இனமாகிப் போனார்கள்; மாரியம்மனைக் காளிமாயாகக் கும்பிட்டார்கள். புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் பிரெஞ்சுத் தீவுகளுக்குத் தமிழர்கள் போனது இதைவிட அடர்த்தி. ‘ஒரேலி’ கப்பல் 1853 மே மாதம் மார்ட்டினிக்கையும், 1854 டிசம்பரில் குவாதலூப்பையும் அடைந்தது. 1880களின் இறுதிக்குள் குவாதலூப்புக்கு மட்டும் 42,000க்கு மேற்பட்ட இந்தியர்கள் போய்விட்டார்கள். மதுரைவீரன் அங்கே மால்தெவிலின் ஆனார்.

வேர் தேடுபவர்கள் தடுக்கி விழும் இடம் இனித்தான் வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு சரி, அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். கரீபியனில் அந்த ஓட்டம் நின்றுபோயிற்று. கப்பலேறிய ஒருவருடைய பெயரோ, அவர் தகப்பன் பெயரோ பேரன் பேத்திக்கெல்லாம் குடும்பப் பெயராக உறைந்தது. 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமராக இருந்த மோசஸ் நாகமுத்து, குவாதலூப் இந்தியர்களின் வாக்குரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஆன்ரி சிதம்பரம், அதே தீவின் எழுத்தாளரும் அரசியல்வாதியுமான எர்னஸ்ட் முத்துசாமி ஆகியோரின் பெயர்களைக் குலப்பெயர்களாக எண்ணித் தமிழ்நாட்டில் தேடினால் லட்சம் முத்துசாமிகள் அகப்படுவார்கள், ஒருவரும் உறவாக மாட்டார்கள். தேடவேண்டியது ஒரே ஒரு மனிதரை.

ரோமன் எழுத்துக்கூட்டலும் துப்புக் கொடுக்கும். ‘முத்து’வில் இரண்டு ‘ஓ’ எழுத்து வந்தால் ஆங்கிலேயக் குமாஸ்தா எழுதியது. ‘ஓ’வும் ‘யூ’வும் சேர்ந்து வந்தால் பிரெஞ்சுப் பதிவேடு. அடுத்துத் தேவைப்படுவது குடியேற்றச் சீட்டு. தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உயரம், உடல் தழும்பு வரை அதில் உண்டு. ஜார்ஜ்டவுனிலும் டிரினிடாடிலும் ஆவணக் காப்பகங்களில் இவை எஞ்சியிருக்கின்றன. அடிமையாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததிக்கு இந்த வசதியும் இல்லை. குவாதலூப்பில் 1848இல் விடுதலை பெற்றவர்களுக்குப் பதிவாளர்களே பெயர் புனைந்து கொடுத்தார்கள்.

சீட்டில் ஊர்ப்பெயர் கிடைத்தபின் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு வரலாம். ஆனால் கயானாவில் ஒரு முகவரியை விட்டுவிடக் கூடாது. மதராசிகள் வாழும் பெர்பீஸ் பகுதியில், கொரன்டைன் கரையோரம் ஆல்னஸ், கில்டோனன், ஃபைரிஷ் என்று ஊர்கள் இருக்கின்றன. எல்லாமே வடக்கு ஸ்காட்லாந்தின் இடப்பெயர்கள். அங்கிருந்து தோட்டம் போட வந்தவர்கள் வைத்தவை. மோசஸ் நாகமுத்துவின் விம் கிராமமும் அதே கரையில்தான்.

ஃபைரிஷ் என்பது ஸ்காட்லாந்தில் ஆல்னஸ் ஊருக்கு மேலே நிற்கும் குன்று. அதன் உச்சியில் 1782 வாக்கில் ஒரு கல் வளைவு எழுந்தது. கட்டியவர் சர் ஹெக்டர் மன்றோ. 1780இல் பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பெய்லியின் படை ஹைதர் அலியிடம் அழிந்தபோது, உதவிக்குப் போகாமல் காஞ்சிபுரத்தில் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் பின்வாங்கிய அதே மன்றோ. அடுத்த ஆண்டு டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். குன்றின் மேலுள்ள வளைவு நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் சாயல். வேலையின்றிக் கிடந்த உள்ளூர்க்காரர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று கட்டியதாகவும், வேலை சீக்கிரம் முடிந்துவிடாதிருக்க ஏற்றிய கற்களைத் திரும்பக் கீழே உருட்டிவிட்டதாகவும் அங்கே ஒரு கதை சொல்கிறார்கள்.

தாது வருடப் பஞ்சத்தில், 1877–78இல், பட்டினப்பாக்கத்துக்கு மேற்கே கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துப் பக்கிங்ஹாம் கால்வாயை வெட்டியதும் நிவாரணக் கூலிக்குத்தான். அதே நூற்றாண்டில் கப்பலேறிய ஒருவருடைய ஊர், காப்பகத்துச் சீட்டொன்றில் நாகப்பட்டினம் தாலுகா என்று இருக்கக்கூடும். அவர் சந்ததியில் யாராவது ஸ்காட்லாந்து வேர் தேடி ஃபைரிஷ் குன்றில் ஏறினால், மேலே நிற்பது பாட்டன் விட்டுப்போன ஊரின் வாசல்.