சின்னத் தாத்தாவின் பைலட் கோட்டு

2017 ஏப்ரல்ல மணிரத்னத்தோட 'காற்று வெளியிடை' வந்தப்ப, வி.கே.புரத்துல இருந்து நாங்க நாலு பேரு பஸ் ஏறி திருநெல்வேலி போயி பார்த்தோம். 1999 கார்கில் போர், கார்த்தி போர் விமானி, பாகிஸ்தான் சிறை, தப்பிச்சு வர்றதுன்னு போற கதை. திரும்பி வரும்போது கல்லிடைக்குறிச்சி வர்ற வரைக்கும் கூட வந்தவனுங்க ரஹ்மான் பாட்டைப் பத்தியே பேசிக்கிட்டு வந்தானுங்க. எனக்கு மட்டும் எங்க வீட்டு மச்சுல, டிரங்குப் பெட்டிக்குள்ள கிடக்கிற ஒரு தோல் கோட்டு ஞாபகம்தான்.

எங்க சின்னத் தாத்தா (தாத்தாவோட தம்பி) ரெண்டாம் உலகப் போர்ல விமானப் படையில இருந்தவர். 1942ல சேர்ந்து 1946ல ஊருக்கு வந்துட்டார். அவரு கொண்டு வந்த அந்தக் கோட்டுக்கு எங்க தெருவுல பேரே 'பைலட் கோட்டு'தான். சின்ன ஆச்சி ஐப்பசி மழை முடிஞ்சதும் அதை எடுத்து வெயில்ல போடுவா. நாங்க தொட்டுப் பார்த்தா, "ஏல, கைய எடு. ஒங்க தாத்தா பிளேன் ஓட்டுன கோட்டுலே அது"ன்னு சத்தம் போடுவா.

படம் பார்த்துட்டு வந்த அன்னைக்கு ராத்திரியே பெட்டியைத் திறந்தேன். அதுல இருந்து இந்தப் பழைய பைலட் கோட்டு சமாச்சாரத்துக்குள்ள விழுந்தவன்தான், இன்னும் எந்திரிக்கலை :-)

முதல்ல, விமானிக்கு எதுக்கு தோல் கோட்டு? ஸ்டைலுக்கு இல்லை மக்கா, குளிருக்கு. ஆயிரம் அடி மேல போகப் போக சுமாரா 2 டிகிரி குறையும். பொதிகை உச்சி 1,868 மீட்டர். கீழ பாபநாசத்துல வேர்த்து ஊத்துற நாள்லயும் அங்க போர்வை கேக்கும். அப்ப 25,000 அடியில என்ன ஆகும்? மைனஸ் 30க்குப் பக்கத்துல போயிரும். அன்னைக்கு குண்டுவீச்சு விமானங்கள்ல பலதுல பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டுதான் துப்பாக்கியோட நிப்பாங்க. வெறுங்கையால இரும்பைத் தொட்டா தோல் ஒட்டிக்கிடும்.

இதுக்கு ரெண்டு கோட்டு பிரபலம். ஒண்ணு இங்கிலாந்து விமானப்படையோட 'இர்வின்' கோட்டு. செம்மறியாட்டுத் தோலை ரோமம் உள்பக்கம் வர்ற மாதிரி வச்சுத் தச்சது. லெஸ்லி இர்வின்ங்கிற அமெரிக்கர் 1930களோட தொடக்கத்துல கொண்டு வந்தது. பாராசூட் தயாரிச்ச அதே ஆளுதான். 2017ல வந்த 'டன்கிர்க்' படத்துல டாம் ஹார்டி போட்டிருப்பாரே, அதேதான். இன்னொண்ணு அமெரிக்காக்காரனோட 'ஏ-2'. 1931ல ஏத்துக்கிட்டது. பெரும்பாலும் குதிரைத் தோல், முன்னால ஜிப்பு, இடுப்புலயும் மணிக்கட்டுலயும் கம்பளிப் பின்னல். 1943ல புதுசா வாங்குறதை நிறுத்திட்டு துணிக் கோட்டுக்கு மாறிட்டாங்க. ஆனா நிறுத்தின பிறகுதான் அதுக்கு மவுசே ஜாஸ்தி ஆச்சு. அந்த மவுசுக்கு சினிமாவும் ஒரு காரணம்.

போர் முடிஞ்ச கையோட எடுத்த ஹாலிவுட் படங்களுக்கு உடுப்புப் பஞ்சம் இல்லை. ராணுவ உபரிச் சரக்கு மலிவாவே கிடைச்சுது. 1963ல வந்த 'தி கிரேட் எஸ்கேப்'ல ஸ்டீவ் மக்வீன் ஏ-2 போட்டு வந்தாரு. அதுக்கு முந்தின வருஷம் 'தி வார் லவ்வர்' படத்துல அவரோட பாத்திரத்துக்குப் பேரு பஸ் ரிக்ஸன். பிற்பாடு ஜப்பான்ல பழைய விமானிக் கோட்டை அச்சு அசலா தச்சு விக்கிற கம்பெனி ஒண்ணு அந்தப் பேரையே வச்சுக்கிடுச்சு. போர்ல இருந்து படத்துக்குப் போன கோட்டு, படத்துல இருந்து கடைக்கு வந்துட்டுது. 1986ல 'டாப் கன்' வந்து டாம் க்ரூஸ் கடற்படைத் தோல் கோட்டுல திரிஞ்சாரு. 1988ல அமெரிக்க விமானப் படையே ஏ-2வைத் திரும்பக் கொண்டு வந்துட்டுது.

சரி, இப்ப போர்ப் படம் எடுக்கிறவங்க நிஜமான 1940கள் கோட்டையே வாங்கி நடிகருக்குப் போடலாமேன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். சிக்கல் இருக்கு. ஒரு பாத்திரத்துக்கு ஒரு கோட்டு போதாது. நடிகருக்கு ஒண்ணு, சண்டைக்காரருக்கு ஒண்ணு, தண்ணியில விழுற சீனுக்கு ஒண்ணு, ரத்தக்கறையோட ஒண்ணு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். எண்பது வருஷப் பழசுல அப்படி நாலு சோடிக்கு எங்க போறது? அதுவும் அன்னைக்கு இருபது வயசுப் பையன்களுக்கு ஒடுக்கமா வெட்டித் தச்சது. இன்னைக்கு ஜிம்முக்குப் போற ஹீரோ கையைத் தூக்கினா கக்கத்துல கிழிஞ்சிரும். அதனால புதுசாத் தச்சு, உப்புத்தாள், கம்பி பிரஷ் எல்லாம் போட்டுத் தேய்ச்சு, மடிச்சு கசக்கிப் பழசாக்குறாங்க. இதுக்குன்னே உடுப்புப் பிரிவுல தனி ஆளு உண்டு.

இன்னொரு காரணமும் உண்டு. அது எங்க ஊர்க்காரனுக்குச் சட்டுனு புரியும். கோட்டு சாகுறது தோலால இல்லை, நூலால.

எங்க ஊரு நூல் ஊரு. 1885ல ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்துத் தண்ணி வேகத்தை நம்பி இங்க மில்லு வச்சாங்க. பிற்பாடு அது மதுரா கோட்ஸ் ஆச்சு. மில் சங்கு ஊதித்தான் நாங்க பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவோம். எங்க தாத்தா, அப்பா ரெண்டு பேரும் நூல் முறுக்குற பிரிவு. அப்பா எந்தச் சட்டை வாங்கினாலும் துணியைப் பாக்க மாட்டார், திருப்பிப் போட்டு தையலைப் பாப்பார். அந்தக் காலத்துக் கோட்டெல்லாம் பருத்தி நூல்ல தச்சது. வேர்வை, ஈரம், தோல்ல ஊறின பதனிடுற சரக்கு எல்லாம் சேர்ந்து நூலை அரிச்சிரும். தோலு முழுசா நிக்கும், தையல் பொலபொலன்னு விட்டுரும். மறுபடி தைக்கப் போனா, தபால் ஸ்டாம்பு ஓரம் மாதிரி ஊசி ஓட்டை வரிசையிலேயே தோலும் கிழியும். போதாக்குறைக்கு மரப்பட்டைச் சாறுல பதனிட்ட தோலு வயசானா சிவப்புப் பொடியா உதிர ஆரம்பிச்சிரும். அதைப் போட்டுக்கிட்டு சண்டைக் காட்சியா? நடக்காது.

இப்ப நம்ம ஊரு சினிமாவுக்கு வருவோம். தமிழ்ல விமானப் படைக்காரனை வச்சு எடுத்த போர்ப் படம்னா 'காற்று வெளியிடை'க்கு 72 வருஷம் முந்தியே ஒண்ணு இருக்கு. 1945ல வந்த 'பர்மா ராணி'. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு, டி.ஆர்.சுந்தரம் டைரக்‌ஷன். அவரே நடிக்கவும் செஞ்சார். கே.எல்.வி.வசந்தா, ஹொன்னப்ப பாகவதர், என்.எஸ்.கே எல்லாம் உண்டு. ஜப்பான்காரன் பிடியில இருந்த பர்மாவுல மாட்டிக்கிட்ட இந்திய விமானப்படைக்காரங்க கதை. போர் முயற்சிக்கு ஆதரவா படம் எடுங்கன்னு வெள்ளைக்கார அரசாங்கம் தயாரிப்பாளர்களை நெருக்கின காலம். பிலிம் தட்டுப்பாடு வேற, 11,000 அடிக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அந்தப் படத்துக்கு விமானிக் கோட்டு பழம்பொருளே கிடையாது. செங்குன்றம் ஏரியில கேடலினா விமானம் தண்ணியிலயே இறங்கி ஏறிக்கிட்டு இருந்த நேரம். சூலூர்லயும் தாம்பரத்துலயும் ராணுவ விமானத் தளம். விமானப் படை உடுப்பை ஜனங்க ரயில்வே ஸ்டேஷன்லயே நேர்ல பார்த்திருப்பாங்க. உடுப்பு தப்பா இருந்தா தரை டிக்கெட்டுக்காரன் கண்டுபிடிச்சிருவான். இன்னைக்கு நாம நிபுணரைக் கேக்குறோம், அன்னைக்கு ரசிகனே நிபுணர்.

அப்புறம் இன்னொரு வேடிக்கை. பர்மாப் போர்ல தாழப் பறந்து தாக்குன விமானிங்களுக்கு இந்த ஆட்டுத்தோல் கோட்டே ஆகாது. காட்டுக்கு மேல, அந்தப் புழுக்கத்துல, காக்கிச் சட்டைதான். கடைசிக் கட்டத்துல 'பீடன் சூட்'னு உடம்பு முழுக்கப் பையா ஒரு உடுப்பு குடுத்தாங்க, காட்டுல விழுந்தா பிழைக்கிறதுக்கான சாமான் வைக்க. ஆக பர்மா படத்துக்கு எவனாவது லட்ச ரூபா குடுத்து அசல் இர்வின் கோட்டை வாங்கி ஹீரோவுக்கு மாட்டினா, கோட்டு நிஜம், காட்சி பொய். இமயமலையைத் தாண்டி சீனாவுக்குச் சாமான் கொண்டுபோன அமெரிக்கங்களுக்கு மட்டும் தோல் கோட்டு அவசியமாப் பட்டுது. அந்தக் கோட்டுங்கள்ல சீனா-பர்மா-இந்தியா சின்னத்தைத் தோல்ல வெட்டி ஒட்டித் தச்சுக் குடுத்ததுல நம்ம நாட்டு ஆளுங்களும் உண்டு. இன்னைக்கு வெளிநாட்டுல சேகரிக்கிறவங்க அந்த 'இந்தியாவுல தச்ச' சின்னத்தைத்தான் தேடித் தேடி வாங்குறாங்க. தச்ச கையோட பேரு மட்டும் எந்தக் கோட்டுலயும் இல்லை.

சுதந்திரத்துக்கு அப்புறம் இந்தியில சேத்தன் ஆனந்தோட 'ஹிந்துஸ்தான் கி கசம்' (1973), கோவிந்த் நிஹலானியோட 'விஜேதா' (1982) எல்லாம் வந்துச்சு. ரெண்டுலயும் விமானப் படை ஒத்துழைச்சு நிஜ விமானங்களையே காட்டினாங்க. அதுக்குள்ள ஜெட் காலம் வந்து, தோல் கோட்டு போயி ஓவரால் வந்துட்டுது.

சரி, சின்னத் தாத்தா கோட்டு.

பெட்டியில இருந்து எடுத்து டியூப் லைட்டு வெளிச்சத்துல விரிச்சேன். அப்பா சொல்லிக் குடுத்த மாதிரி திருப்பிப் போட்டு தையலைப் பார்த்தேன். உடம்புப் பகுதி நல்ல கெட்டித் தோல், உள்ள கம்பளி, அரசாங்க அம்புக்குறி முத்திரை. முன்னால ஜிப்பு இல்லை, பெரிய பொத்தான். உடம்புத் தையல் பாதி இத்துப் போயி விட்டிருந்துச்சு. ஆனா ரெண்டு கையும் கிண்ணுனு இருந்துச்சு. என்னடான்னு உத்துப் பார்த்தா, கை தோலே இல்லை. ரெக்சின்! நூலும் வேற.

அப்புறம் மாசக்கணக்கா படமெல்லாம் பார்த்து ஒப்பிட்டதுல விளங்கிச்சு. அது பைலட் கோட்டே இல்லை. 'ஜெர்கின்'னு சொல்ற கை இல்லாத தோல் கோட்டு. முதல் உலகப் போர்ல இருந்தே பிரிட்டிஷ் ராணுவத்துல லாரி டிரைவருங்க போட்டது. விமானப் படையில தரையில வேலை பாக்குறவங்க, அதாவது என்ஜின் கழட்டுறவன், குண்டு ஏத்துறவன், குளிர்ல மாட்டிக்கிறது. கை வீசி வேலை செய்யணும்ல, அதான் கை கிடையாது. சின்னத் தாத்தாவோட டிஸ்சார்ஜ் காகிதத்தைத் தேடி எடுத்தேன். தொழில்ங்கிற இடத்துல 'ஃபிட்டர்'னு இருந்துச்சு.

கை எப்படி வந்துச்சு? அப்பாகிட்ட கேட்டேன். சிரிச்சார். 1965 போர் முடிஞ்சு, நம்ம நாட் விமானம் சேபரை விழுத்தாட்டுன பேச்சு ஊரெல்லாம் இருந்த நேரம். மறுவருஷக் கோயில் கொடையில பையன்க ஒரு விமானி நாடகம் போட்டாங்களாம். கோட்டைக் கேட்டு வந்தவனுங்க, "கை இல்லாம என்ன பைலட் கோட்டு தாத்தா?"ன்னு கேட்டிருக்கானுங்க. இவரு ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "வேணும்னா தச்சுக்கோங்கடே"ன்னுட்டாராம். டெய்லர் மில்லு நூலைப் போட்டு ரெக்சின் கையைத் தச்சுட்டார். அதுக்கப்புறம் இருவது வருஷம் அந்தக் கோட்டு எல்லா நாடகத்துலயும் நடிச்சுது. பைலட், இன்ஸ்பெக்டர், வில்லன், ஒரு தடவை எமதர்மன் கூட!

எனக்குச் சிரிப்பு வரலை. அந்த ஒரு நிமிஷம் அவரு என்ன நினைச்சிருப்பாரு? இந்திய விமானப் படை 1932ல தொடங்கினது. 1933 ஏப்ரல்ல முதல் ஸ்குவாட்ரன். அதுல சேர்ந்த தரைப் பணியாளங்களுக்கு அன்னைக்குப் பேரே 'ஹவாய் சிப்பாய்'. போர் முடியுறப்ப ஒன்பது ஸ்குவாட்ரன். 1944ல இம்பால்ல அர்ஜன் சிங் தலைமையில பறந்த ஹரிக்கேன் விமானங்களைப் பத்தி வரலாறு எழுதியிருக்கு, எழுதணும்தான். அதே விமானங்க ஒவ்வொரு நாளும் மறுபடி கிளம்பினதுன்னா ராத்திரியெல்லாம் கீழ எண்ணெய்க் கையோட யாரோ இருந்திருக்கணும். படம் எடுக்கிறவங்க பைலட் கோட்டோட காலர் மடிப்பு வரைக்கும் சரி பாக்குறாங்க. கை இல்லாத கோட்டுக்காரன் பெரும்பாலும் பின்னால மங்கலா ஓடுறவன்தான். (2024ல வந்த 'மாஸ்டர்ஸ் ஆஃப் தி ஏர்' தொடர்ல ஒரு மெக்கானிக்குக்குக் கொஞ்சம் இடம் குடுத்திருந்தாங்க. ஒரு சின்ன ஆறுதல்.) சினிமாவைச் சொல்லுவானேன், நாங்களே எங்க தாத்தாவுக்குக் கை தச்சுத்தானே பார்த்தோம்?

ஆச்சிக்கு இதைச் சொல்லலை. 2019ல போய்ச் சேர்ற வரைக்கும் அது பிளேன் ஓட்டுன கோட்டுதான். சொல்லியிருக்கணுமோ? "ஓட்டலை ஆச்சி, ஆனா அவரு இல்லைன்னா ஓடியிருக்காது"ன்னு சொல்லியிருக்கலாம். தோணலை.

போன மாசம் பிளேடு எடுத்துக்கிட்டு உக்காந்தேன். ரெக்சின் கையைப் பிரிச்சா அது மறுபடி 1942 ஆயிரும், அசல் ஆயிரும். ஒரு நூலை நெம்பிப் பார்த்தேன், அசையலை. எங்க ஊரு நூலாச்சே. அந்தத் தையலும் இப்ப அறுபது வருஷப் பழசு, அதுக்கும் ஒரு கதை இருக்கு. பிளேடைக் கீழ வச்சுட்டேன். கோட்டை மடிச்சு, டிஸ்சார்ஜ் காகிதத்தை நகல் எடுத்து உள்பாக்கெட்டுல வச்சு, பெட்டியை மூடிட்டேன். எனக்கப்புறம் திறக்கிறவன் ரெண்டையும் சேர்த்துப் பாக்கட்டும்.

உங்க வீட்டு மச்சுல இதே மாதிரி ஏதாவது கிடந்தா, முதல்ல திருப்பிப் போட்டு தையலைப் பாருங்க. என்ன கிடைச்சுதுன்னு வந்து சொல்லுங்க மக்கா.