பதினாறாய்ப் பகுத்த சங்கிலியும் கோலும்

மகாராஷ்டிரத்துக் கசார்வாடியில் ஒரு மனை விலைக்கு வந்தால் அதன் பரப்பு மூன்று கணக்கில் பேசப்படும். தரகர் ‘இரண்டு குண்டா’ என்பார். வருவாய்த் துறையின் சாத்பாரா ஆவணத்தில் அதே மண் ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர் என்று எழுதப்பட்டிருக்கும். அங்கே எழும் அடுக்குமாடியில் வீடு கேட்பவரோ சதுர அடிக்கு என்ன விலை என்பார். தஞ்சாவூர்ப் பக்கத்து உழவருக்கும் இந்த நிலை புதிதல்ல. அவர் நிலம் பேச்சில் மா, குழி. பட்டாவில் ஹெக்டேர், ஏர். மராட்டிய மண்ணின் குண்டாவையும் காவிரிக் கரையின் குழியையும் அருகருகே வைத்து மீட்டரால் அளந்து பார்ப்போம்.

இரண்டும் பரப்பின் பெயர்கள். இரண்டுக்குள்ளும் ஒரு நீளம் ஒளிந்திருக்கிறது. குண்டா என்பது 33 அடிச் சதுரம். தஞ்சைக் குழி என்பது 12 அடிச் சதுரம். முன்னதை அளந்தது சங்கிலி, பின்னதை அளந்தது கோல்.

வயதைக் கேட்டால் முதல் வியப்பு. குண்டா என்னும் பெயர் நாட்டு வழக்காக ஒலித்தாலும், அதன் 33 அடி இங்கிலாந்திலிருந்து வந்தது. எட்மண்ட் குண்டர் 1620இல் வகுத்த அளவைச் சங்கிலி 66 அடி. 1830களில் பிரிட்டிஷ் அதிகாரிகளான கோல்ட்ஸ்மிட்டும் விங்கேட்டும் புனே மாவட்டத்து இந்தாப்பூரில் தொடங்கிவைத்த பம்பாய் மாகாண நில அளவை முறையில், அதில் பாதி நீளமே சங்கிலியாயிற்று. 40 குண்டா ஓர் ஏக்கர் என்று மிச்சமில்லாமல் முடிவதற்குக் காரணம் இதுதான். குழியின் கதை நேர் எதிரானது. பதினாறு சாண் கோல் சோழர் கல்வெட்டுகளிலேயே வருகிறது. சாணுக்கு 9 அங்குலம் என்று பிற்காலத்தில் கொண்டபோது, பதினாறு சாண் 144 அங்குலமாகி 12 அடியில் அச்சாக வந்து பொருந்திற்று. அங்கே ஆங்கிலச் சங்கிலிக்கு மராட்டியப் பெயர். இங்கே தமிழ்க் கோலுக்கு ஆங்கில அடி.

பிறப்பில் இவ்வளவு தொலைவு இருந்தும், உட்பிரிவில் இரண்டும் ஒரே வழியில் போகின்றன. கோலில் பதினாறு சாண். பம்பாய் மாகாணத்துச் சங்கிலியிலும் பதினாறு பங்கு. ஒரு பங்குக்கு ரூபாயில் இருந்த அணாவின் பெயரையே வைத்தார்கள். குண்டர் தம் சங்கிலியை நூறு கண்ணிகளாக்கியிருந்தார். நூறைப் பாதி பாதியாக மடித்தால் மூன்றாம் மடிப்பிலேயே பின்னம் வந்துவிடும். பதினாறோ நான்கு முறை மடித்தாலும் முழு எண்ணாகவே நிற்கும். கயிறு மடித்துப் பங்கு பிரிப்பவருக்கு இந்த வசதி பெரிது என்பதால்தான் அது கடல் கடந்து வந்த சங்கிலியிலும் ஏறிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

உண்மையில் கோலுக்கு உடன்பிறப்பு தேடினால் குண்டாவைத் தாண்டிச் செல்லவேண்டும். சிவாஜியின் ஆட்சியில் அவருடைய அதிகாரி அண்ணாஜி தத்தோ நிலம் அளந்த காட்டி என்னும் கழியின் நீளம் ஐந்து முழம், ஐந்து முட்டி. இருபது காட்டிச் சதுரம் ஒரு பீகா. சோழ நாட்டில் இருபது மா ஒரு வேலி. அங்கேயும் உடம்பே அளவுகோல், அங்கேயும் இருபதே ஏணிப்படி. ஆனால் காட்டி வழக்கொழிந்தது. கோலின் குழி பேச்சில் பிழைத்திருக்கிறது.

இனி மீட்டர். பூமியின் கால்வட்டத்தைக் கோடியாகப் பகுத்துப் பிறந்தது அது. பத்து மீட்டர்ச் சதுரத்தை ஏர் என்று 1795இல் பிரான்சின் சட்டம் வகுத்தது. குண்டாவின் பக்கம் 10.0584 மீட்டர். பூமியிலிருந்து பிறந்த அளவும் குண்டரின் சங்கிலியில் பாதியும் ஆறு சென்டிமீட்டருக்குள், ஏறத்தாழ மூன்று விரற்கடை இடைவெளியில், சந்தித்துக்கொள்கின்றன. யாரும் திட்டமிடாத சந்திப்பு இது. இதனால்தான் ‘குண்டாவும் ஏரும் ஒன்றே’ என்ற வாய்க்கணக்கு எளிதில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் ஒரு குண்டா 1,089 சதுர அடி, ஓர் ஏர் 1,076.4. பத்துக் குண்டாவில் வேறுபாடு 126 சதுர அடி, ஒரு படுக்கையறை அளவு. குண்டா குண்டாவாகத் துண்டுபோட்டு விற்ற மனைகளை முறைப்படுத்தவே 2001இல் மகாராஷ்டிரம் குண்டேவாரிச் சட்டம் கொண்டுவந்தது. அவ்வளவு சிறு மனையில் இந்த 12.6 சதுர அடியையும் அளந்து பார்ப்பதுதான் நியாயம்.

குழிக்கு மீட்டரோடு அப்படியொரு நெருக்கம் அமையவில்லை. ஒரு குழி 13.38 சதுர மீட்டர். எந்தப் பக்கமும் முழுமைப்படுத்த முடியாத எண். இடத்துக்கு இடம் மாறும் குணமும் அதற்கு உண்டு: செங்கல்பட்டில் 24 அடிக் கோல் வழங்கியதால் குழி 576 சதுர அடியாயிற்று. குண்டா மகாராஷ்டிரம் முழுக்க ஒன்றே. சீர்மையில் குண்டா முந்துகிறது.

நுட்பத்தில் குழியின் குடும்பம் முந்துகிறது. நூறு குழி ஒரு மா. தஞ்சைக் குழிக் கணக்கில் வேலி 2,88,000 சதுர அடி. அதில் 320இல் ஒரு பங்கான முந்திரி, சரியாக 30 அடிச் சதுரம். அந்த முந்திரியில் மீண்டும் 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி, ஏறக்குறைய கால் சதுர மீட்டர். இன்றைய சாத்பாரா சதுர மீட்டரோடு நின்றுவிடுகிறது. இராசராசன் காலத்து எழுத்தர்களோ கீழ்முந்திரியையும் கடந்து பின்னம் எழுதினார்கள்.

கடைசியாக, மீட்டரை ஒதுக்கிவிட்டு இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துவோம். ஒரு குண்டாவைச் சதுர மீட்டரில் துல்லியமாக எழுதினால் 101.17141056, தசமத்துக்குப் பின் எட்டு இலக்கங்கள். கோலால் அளந்தால், 33 அடி என்பது இரண்டே முக்கால் கோல். இரண்டே முக்காலை இரண்டே முக்காலால் பெருக்கினால் ஏழு, அரை, பதினாறில் ஒன்று. ஆக, கசார்வாடியின் ஒரு குண்டா தஞ்சாவூரில் மிச்சம் மீதியில்லாமல் ஏழரையே மாகாணிக் குழி.