ஜிகினா ராக்கும் பழைய பேப்பர் கடையும்

டெல்லியின் மயூர் விஹாரில் எழுபதுகளின் ராக் இசைத்தட்டுகளைத் தேடப் புறப்படுகிறவர் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தட்டுகள் புதுசாக இருந்த காலத்தில் மயூர் விஹாரே கிடையாது. ராக் பாடகர் மார்க் போலன் கன்னத்தில் ஜிகினாத் தூளை ஒட்டிக்கொண்டு லண்டன் தொலைக்காட்சியில் பாடிய 1971-இல் இங்கே யமுனைக் கரை வயல்கள், சில்லா, பட்பட்கஞ்ச் என்று பழைய ஊர்கள், அவ்வளவுதான். நெருக்கடி நிலையின்போது பக்கத்தில் திரிலோக்புரி மறுகுடியமர்வுக் காலனி வந்தது. டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் (டி.டி.ஏ.) வீடுகளும் கூட்டுறவுச் சங்கங்களின் அடுக்குமாடிகளும் எழும்பி, அரசாங்க உத்தியோகத்துத் தமிழர்களும் மலையாளிகளும் மூட்டை முடிச்சோடு ஆற்றைக் கடந்தது எண்பதுகளில். ஆனாலும் அந்த இசையின் கதையைப் பார்க்க இந்த இடம் தோதானது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தரியாகஞ்சின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை. இந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் நொய்டா, கேசட்டுகளைக் கொட்டிக் குவித்த ஊர். இந்தியாவில் கிளாம் ராக் என்ற அந்த ஜிகினா இசையின் வரலாறு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. என் கட்சி இதுதான்: அந்த இசை நம் ஊருக்குக் கேட்க வரவில்லை, படிக்க வந்தது.

கிளாம் என்பதே பாதி கண்ணுக்கான சமாசாரம். குதிகால் உயர்ந்த பூட்ஸ், சாட்டின் சட்டை, கண் மை, தலைமுடிக்குச் செஞ்சாயம். 1972 ஜூலையில் டேவிட் போவி பி.பி.சி.யின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியில் தோன்றிய சில நிமிடங்களைப் பற்றி ஆங்கிலேயர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதே ஆண்டு ஜனவரியில் ‘மெலடி மேக்கர்’ வார இதழுக்கு அவர் கொடுத்த பேட்டி, தன்னை ஓரினச் சேர்க்கையாளர் என்று அவர் அறிவித்த பேட்டி, இன்னொரு பூகம்பம். ஆக அங்கே தொலைக்காட்சியும் பத்திரிகையும் சேர்ந்துதான் இந்த இசையை நடத்தின. தட்டு மூன்றாவது ஆள். இந்தியாவிலோ 1972 அக்டோபரில் பம்பாய் நிலையம் வரும்வரை தொலைக்காட்சி டெல்லியில் மட்டும்தான். அதுவும் கறுப்பு வெள்ளை. வண்ணம் வர 1982 ஆசிய விளையாட்டுப் போட்டி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் லண்டன்காரர்கள் ஜிகினாவைக் கழுவித் துடைத்துப் பல வருஷம் ஆகிவிட்டிருந்தது.

ரேடியோ இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ரேடியோ சிலோன் இருந்தது. 1969-இல் தொடங்கிய ஆகாஷ்வாணியின் யுவவாணி டெல்லி இளைஞர்களுக்கு மேற்கத்தியப் பாட்டும் போட்டது. ஆனால் சிற்றலையின் இரைச்சலுக்குள்ளிருந்து கிதாரைப் பிரித்தெடுக்கலாம், கண் மையைப் பிரித்தெடுக்க முடியாது. தட்டுகளும் இல்லாமல் இல்லை. கல்கத்தாவின் டம்டம் ஆலையில் கிராமபோன் கம்பெனி மேற்கத்தியத் தட்டுகளை அச்சடித்தது, பாலிடோரும் களத்தில் இருந்தது. ஆனால் எதை அச்சடிப்பது என்பதை ஓரிரு கம்பெனிகள் முடிவு செய்தன. அந்நியச் செலாவணிக் கெடுபிடி நிலவிய காலத்தில் இறக்குமதித் தட்டு வெளிநாட்டுச் சித்தப்பா இருந்தவர்களுக்குத்தான். லண்டன் வார இதழ்கள் கப்பலில் வந்தாலும் கஷ்டம்: 1967 முதல் 1975 வரை சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்தது. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டும். கிளாமின் ஆயுள் முழுவதும் அந்த எட்டு வருஷத்துக்குள் அடங்கிவிடுகிறது என்பதை யாரும் சேர்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்த இடைவெளியில்தான் ‘ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்’ நின்றது. 1967-இல் கல்கத்தாவில் ஸ்டேட்ஸ்மன் நிறுவனம் தொடங்கிய இளைஞர் வார இதழ். பிறகு சுருக்கமாக ‘ஜே.எஸ்.’. ஆசிரியர் டெஸ்மண்ட் டாய்க் ஓவியரும்கூட. அன்னை தெரசாவைப் பற்றி ஆரம்பத்தில் வந்த புத்தகங்களில் ஒன்றும் இவர் எழுதியதுதான், 1976-இல். ராக் குழுக்களின் செய்தியும் பெரிய படங்களும் உடையும் சிகையலங்காரமுமாக அந்தப் பத்திரிகை நாடு முழுக்கப் போனது. ஹாஸ்டல் சுவரில் ஒட்டிய நடுப்பக்கத்தில் ஸ்டேப்பிள் பின்னின் இரண்டு துளைகளும் பாடகரின் வயிற்றிலேயே இருக்கும்; பாட்டைக் கேட்காதவனும் அந்தத் துளைகளோடு சேர்த்து முகத்தை மனப்பாடம் செய்தான். விமர்சனம் என்பது வழக்கமாகக் கேட்ட இசைக்குப் பின்னால் வரும். இங்கே விமர்சனம் முன்னால் வந்தது, பல சமயம் இசை வரவே இல்லை.

இதற்குச் சாட்சி உள்ளூர்க் குழுக்களிடமே கிடைக்கிறது. சிம்லா சிகரெட்டை விற்க இம்பீரியல் டொபாக்கோ நடத்திய ‘சிம்லா பீட்’ போட்டியில் தேறிய குழுக்களின் பாட்டுகள் 1970, 1971 எல்.பி.களில் பதிவாகியிருக்கின்றன. கேட்டால் க்ரீடன்ஸ் குழுவின் பாட்டுகளும் தடித்த கிதார் ப்ளூஸும். காது வழியாக வந்ததைக் காது திருப்பிக் கொடுத்தது. அந்தப் பதிவுகள் கிளாமுக்கு முந்தியவை, ஒப்பிடுவது சரியில்லை என்று ஒருவர் மறுக்கலாம். நியாயம்தான். ஆனால் பின்னால் வந்த பம்பாயின் ‘அடாமிக் ஃபாரஸ்ட்’ குழுவின் எல்.பி.யும் ஃபங்க், ராக் என்றுதான் போகிறது. ஜிகினாவின் பக்கம் சாயவில்லை. ஜிகினா கடைசியில் வந்து சேர்ந்தது சினிமாவுக்கு. ‘கர்ஸ்’ (1980) படத்தில் ரிஷி கபூர் வெள்ளிப் பளபளப்பில் ஆடுவது ஒரு ராட்சத இசைத்தட்டின் மேல். தமிழில் அதுவே கமல்ஹாசனின் ‘எனக்குள் ஒருவன்’ ஆனது, 1984-இல். அதற்குள் தாளம் டிஸ்கோவுக்கு மாறிவிட்டது. உடை வந்தது, பாட்டு வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது.

இன்னொரு மறுப்பு கனமானது: இங்கிலீஷ் படித்த கொஞ்சம் பேர் புரட்டிய பத்திரிகையை வைத்து ஊர் வரலாறு எழுதலாமா? எழுதக் கூடாது, ஊர் வரலாறு என்று பெயர் வைத்தால். தமிழரையே எடுத்துக்கொள்வோம். ஆண் மை தீட்டிப் பெண்ணுடை போடுவது லண்டனுக்குத்தான் அதிர்ச்சி. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பார்த்து வளர்ந்த சமூகத்துக்கு, கிழவி வேஷத்தால் அவ்வை சண்முகம் என்றே பேர் வாங்கிய டி.கே. சண்முகத்தைக் கொண்டாடிய சமூகத்துக்கு, அதில் என்ன புதுசு? கிளாம் பெரும்பான்மையைத் தொடாததற்குப் பண்பாட்டுக் கூச்சம் காரணம் என்பது சோம்பேறி விளக்கம். பார்க்கச் சாதனம் இல்லை, கேட்கத் தட்டு இல்லை. காரணம் அவ்வளவு சாதாரணமானது.

1977-இல் ஜே.எஸ். நின்றுபோனது. படித்து அறிந்த இசைக்குப் படிக்க எதுவும் இல்லை. சில ஆண்டுகளில் தரியாகஞ்ச் பழச்சாறுக் கடைக் குடும்பத்துக் குல்ஷன் குமார் மலிவுக் கேசட் தொழிலில் இறங்கினார். அவருடைய சூப்பர் கேசட்ஸ் நொய்டாவில் வளர்ந்தது. கிராமபோன் கம்பெனியின் ஆதிக்கம் கேசட்டில் நொறுங்கியது. ஆனால் நொய்டா மலிவாக்கியது இந்திப் பாட்டையும் பஜனையையும். போலனை அங்கே யாருக்கும் தெரியாது, தெரிந்திருக்க அவசியமும் இல்லை. அதே வருஷங்களில் மயூர் விஹாரின் புது வீடுகளுக்கு அலமாரி போதவில்லை. பழைய பத்திரிகைக் கட்டுகள் பழைய பேப்பர் வாங்கும் கபாடிவாலாவின் தராசில் ஏறின. இசைத்தட்டுக்கு அவன் யோசித்து ஒரு விலை சொல்வான். பத்திரிகை என்றால் எடைக்கு எடை, இந்தி நாளிதழோடு சேர்த்து, ஒரே சணல் கயிற்றில்.